விமானத்தின் அச்சாணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேரைச் செய்த தச்சரும், அதனை அணிசெய்த கலைஞரும், வடம் பிடித்து இழுக்கும் ஆயிரவரும் ஒருபால் நிற்க, சக்கரம் கழலாமல் காக்கும் சிறிய ஆணி ஒன்றே அதன் ஓட்டத்திற்கு உறுதி தருகிறது. மனிதன் இயற்றிய ஊர்திகளுள் நுட்பம் மிக்கதாகிய ஆகாய விமானத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தேரின் அச்சாணி தேய்ந்துவிட்டால் ஊர்க் கொல்லனே வேறொன்று அடித்துத் தருவான். விமானத்தின் அச்சாணியோ பல்லாயிரங் கல் தொலைவில், வேறொரு நாட்டில், வேறோர் அரசின் ஆணைக்குட்பட்ட தொழிற்சாலையில் உருவாகின்றது. அந்நாட்டிற்கும் விமானம் வைத்திருக்கும் நாட்டிற்கும் பகைமூண்டு, "இனி உனக்கு ஆணி இல்லை" என்று அவ்வரசு கூறிவிடுமாயின், அவ்விமானத்தின் நிலை யாதாகும்? அதில் ஏறிச் செல்வோர் நிலை யாதாகும்? இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஈரான் நாட்டு மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு வாழ்ந்து வந்துள்ளனர்.

ஒரு நாட்டின் செயலை வெறுக்கும் பிறிதொரு நாடு, அதன்மேல் படையெடுத்துச் செல்லாமல், அதனோடு செய்யும் கொடுக்கல் வாங்கலை நிறுத்தி அதனைப் பணியவைக்க முயல்வதுண்டு. இதனைப் பொருளாதாரத் தடை என்பர். முற்காலத்தில் கோட்டையை வளைத்துக்கொண்டு, உணவும் நீரும் உட்செல்லாதபடி தடுத்த முற்றுகையின் புதுவடிவமே இஃது எனலாம். குருதி சிந்தாத போர் என்று இதனைப் புகழ்வாரும் உளர். அப்புகழ்ச்சி எத்துணை பொருந்தும் என்பதை அரண்மனையிலிருந்தோ ஆலோசனை மண்டபத்திலிருந்தோ பார்ப்பதைவிட, ஒரு விமான நிலையத்திலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும்.

அதற்குமுன், விமானம் எவ்வாறு பேணப்படுகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

விமானம் வாங்குவது பசு வாங்குவதைப் போன்றது. தொழுவத்தில் கொண்டுவந்து கட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் அதனைச் சுற்றிவந்து பார்க்கின்றனர். குறித்த மணிநேரம் பறந்தபின் ஒரு சோதனை, பின்னும் பறந்தபின் அதனினும் ஆழ்ந்த சோதனை என்று வரிசையாக நடக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருஞ்சோதனை வரும். அப்போது இருக்கைகளைக் கழற்றி, உட்சுவர்களை அகற்றி, விமானத்தை எலும்புக்கூடாக்கி, வெடிப்போ துருவோ எங்கேனும் உண்டா என்று வாரக்கணக்கில் ஆராய்வர்.

இதனினும் வியப்பானது உறுப்புகளின் ஆயுட்கணக்கு. எஞ்சினுள் பெருவேகத்தில் சுழலும் உலோகத் தட்டுகள் உண்டு. விமானம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் அத்தட்டின் கணக்கில் ஒரு சுற்று கழியும். விதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டால், தட்டு புதியதுபோல் பளபளத்தாலும் அதனைக் கழற்றி எறிந்துவிடுதல் வேண்டும். கண்ணுக்கு ஊறு தோன்றவில்லையே, இன்னும் ஓராண்டு ஓட்டுவோம் என்று எண்ணுதல் ஆகாது. மெல்லிய கம்பி ஒன்றை இருபுறமும் மாறி மாறி வளைத்துப் பாருங்கள். முதல் இருபது முறை ஒன்றும் நேராது. பின்னர் ஒரு முறையில் திடீரென்று முறியும். உலோகமும் களைப்படையும் இயல்புடையது. அக்களைப்பு வெளியே தெரியாது என்பதே அதன் கொடுமை.

உறுப்பு கிடைத்தால் மட்டும் போதாது. அதன் பிறப்பும் வளர்ப்பும் தெரிதல் வேண்டும். எந்தத் தொழிற்சாலையில், எந்நாளில் செய்யப்பட்டது, எந்த விமானத்தில் எத்தனை மணிநேரம் உழைத்தது, யார் பழுதுபார்த்தார், யார் கையொப்பமிட்டார் என்பன யாவும் எழுதிய சான்றிதழ் ஒவ்வோர் உறுப்போடும் செல்லும். சான்றிதழ் இழந்த உறுப்பு, முகவரியிழந்த மனிதனைப் போன்றது. நல்லவனாகவும் இருக்கலாம், கள்வனாகவும் இருக்கலாம். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், நார்வே நாட்டைச் சேர்ந்த கான்வேர் விமானம் ஒன்று ஆஸ்லோ நகரிலிருந்து ஹாம்பர்க் செல்லும் வழியில் டென்மார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். விமானத்தின் வாற்பகுதியைப் பிணைத்திருந்த மரையாணிகளுட் சில உரிய வலிமையற்ற போலிகள் என்பது பின்னர் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. நார்வே மீது அந்நாளில் எத்தடையும் இல்லை. உலகச் சந்தை முழுதும் திறந்திருந்த நாட்டிற்கே போலி ஆணியால் இக்கதி நேர்ந்ததென்றால், சந்தையின் முன்வாயில் அடைபட்டுப் பின்வாயில் வழியே வாங்க வேண்டியவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

உறுப்பினும் நுண்ணிய பொருள் ஒன்று உண்டு, அஃது அறிவு. பிரேசில் நாட்டில் பறக்கும் ஒரு விமானத்தின் சிறகில் வெடிப்பு ஒன்று காணப்பட்டதாக வைத்துக்கொள்வோம். செய்தி விமானத்தைக் கட்டிய நிறுவனத்திற்குச் செல்லும். நிறுவனம் ஆராய்ந்து, அவ்வகை விமானம் வைத்திருப்போர் அனைவருக்கும், இந்த இடத்தைச் சோதியுங்கள், இந்த வகையில் செப்பனிடுங்கள் என்று அறிவிக்கும். ஓரிடத்தில் உற்ற துன்பம் உலகெங்கும் எச்சரிக்கையாகப் பரவும். விமானப் பயணம் இந்நாளில் இத்துணைப் பாதுகாப்பு உடையதாக விளங்குவதற்கு இப்பரவலே முதற்காரணம் என்று துணிந்து கூறலாம். தடை விதிக்கப்பட்ட நாட்டின் விமானத்திற்கு இக்கடிதம் வருவது நின்றுவிடும். அன்றி, காலந்தாழ்ந்து சுற்றுவழியே வரும்.

இனி ஈரானைக் காண்போம். பாரசீகம் என்று பண்டு பெயர்பெற்ற அந்நாட்டின் 'ஈரான் ஏர்' நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் இரு சிறு நிறுவனங்கள் ஒன்றாகியதால் தோன்றியது. பாரசீகர் கதைகளில் வரும் ஹூமா என்னும் பறவையே அதன் சின்னம். எண்ணெய் வளத்தால் செல்வம் பெருகிய காலமாதலின், நிறுவனம் விரைந்து வளர்ந்தது. ஒலியினும் விரைந்து செல்லும் கன்கார்டு விமானங்களுக்கு 1972ஆம் ஆண்டிலேயே அது விண்ணப்பித்திருந்தது. 1976ஆம் ஆண்டில் போயிங் 747 இனத்தைச் சேர்ந்த சிற்றுருவ விமானங்களைக் கொண்டு, டெஹ்ரானிலிருந்து நியூயார்க்குக்கு இடையில் எங்கும் இறங்காமல் பறந்தது. அக்காலத்தில் உலகில் மிக விரைந்து வளர்ந்த விமான நிறுவனங்களுள் ஒன்றாக அஃது எண்ணப்பட்டது. விமானங்களோ பெரும்பாலும் அமெரிக்காவில் கட்டப்பட்டவை. நண்பன் வீட்டுக் கிணற்றில் நீர் மொள்ளுவதில் என்ன தயக்கம் என்று அன்று யாரும் ஐயுறவில்லை.

1979ஆம் ஆண்டில் நட்பு முறிந்தது. மன்னராட்சி வீழ்ந்து புரட்சி வென்றது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர் கூட்டம் கைப்பற்றியது. 52 பேர் 444 நாள் சிறைப்பட்டிருந்தனர். அமெரிக்கா ஈரானின் செல்வத்தை முடக்கியது. 1980ஆம் ஆண்டில் வாணிகத்தை நிறுத்தியது. சிறைப்பட்டோர் விடுதலையானபின் அத்தடை தளர்ந்தது. ஆனால் 1984ஆம் ஆண்டில் பயங்கரவாதத்திற்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் ஈரான் சேர்க்கப்பட்டு, கட்டுப்பாடுகள் மீண்டும் இறுகின. 1995ஆம் ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஏறத்தாழ எல்லா வாணிகத்தையும் தடுத்து ஆணையிட்டார்.

அமெரிக்கா தரவில்லையாயின் ஐரோப்பாவிடம் வாங்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் தடையின் நீண்ட கை விளங்குகிறது. ஐரோப்பியர் கட்டும் ஏர்பஸ் விமானத்திலும் அமெரிக்க உறுப்புகள் பல உள்ளன. அமெரிக்கப் பொருளின் மதிப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேற்படுமாயின், அவ்விமானம் எந்நாட்டில் கட்டப்பட்டதாயினும், ஈரானுக்கு விற்க அமெரிக்காவின் இசைவு வேண்டும் என்பது விதி. இக்காலத்து விமானம் ஒரு நாட்டின் பொருளன்று. பல நாட்டுத் தொழிலாளரின் கைகள் அதில் கலந்துள்ளன. ஆதலால் ஒரு கை மறுத்தால் முழு விமானமும் நின்றுவிடுகிறது.

அங்ஙனமாயின் ஈரானியர் விமானத்தை எவ்வாறு ஓட்டினர்? ஒரு விமானத்தைக் கொட்டிலில் நிறுத்தி, அதன் உறுப்புகளைக் கழற்றி மற்றொன்றில் பூட்டினர். மூன்று பறக்க வேண்டுமானால் ஒன்று பறவாமல் கிடக்க வேண்டும். இடைத்தரகர்கள் வாயிலாகப் பன்மடங்கு விலை கொடுத்து உறுப்புகளை வாங்கினர். சிலவற்றைத் தம் பட்டறைகளில் தாமே செய்தனர். பிற நாடுகள் கைவிட்ட பழைய விமானங்களைச் சுற்றுவழியே பெற்றனர். 2015ஆம் ஆண்டில் மஹான் ஏர் என்னும் நிறுவனம் ஒன்பது ஏர்பஸ் விமானங்களை ஈராக்கிய நிறுவனம் ஒன்றின் வாயிலாகப் பெற்ற செய்தி உலகையே வியக்கவைத்தது. பிற நாட்டார் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்ட விமானங்கள் ஈரானின் வானத்தில் பறந்துகொண்டிருந்தன. போயிங் 707 விமானத்தில் பயணிகளை ஏற்றிச்சென்ற இறுதி நிறுவனம் ஈரானின் சாஹா ஏர்லைன்ஸ். அஃது 2013ஆம் ஆண்டுவரை அப்பணியைச் செய்தது. முதல் வகுதியைச் சேர்ந்த 747 விமானம் ஒன்றை ஈரான் ஏர் 2014ஆம் ஆண்டுவரை பறக்கவிட்டிருந்தது.

இவற்றைப் படிக்கும்போது அந்நாட்டுத் தொழிலாளரின் திறமையைப் பாராட்டாதிருத்தல் இயலாது. முறையான கையேடும் உறுப்பும் இன்றி, முப்பதாண்டு மூத்த விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பது எளிய செயலன்று. ஆனால் திறமை என்பது வேறு. பாதுகாப்பு என்பது வேறு. வல்ல தையற்காரன் கந்தலையும் ஆடையாக்கித் தருவான். எனினும் அது கந்தலே. ஒவ்வொரு நாளும் அருஞ்செயல் புரிந்தால்தான் பறக்க முடியும் என்ற நிலையில், என்றேனும் ஒருநாள் அவ்வருஞ்செயல் தவறும்.

அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் அரியவாகவே, ஈரானிய நிறுவனங்கள் ரஷிய விமானங்களை நாடின. டூபோலெவ் 154 என்னும் வகை பெருமளவில் வந்தது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவ்வகை விமானம் ஒன்று கொரமாபாத் நகருக்கருகே மலையில் மோதி, அதிலிருந்த 119 பேரும் மாண்டனர். 2009ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் காஸ்வின் நகருக்கருகே மற்றொன்று வயலில் வீழ்ந்து 168 உயிர்களைக் கொண்டது. முன்னர்க் கூறிய சுழலும் தட்டு நினைவிருக்கிறதா? இவ்விபத்தில் எஞ்சினுள் இருந்த அத்தகைய தட்டு ஒன்று களைத்துச் சிதறி, எரிபொருட் குழாயை அறுத்துத் தீமூட்டியது என்று ஆராய்ந்தோர் கூறினர். 2011ஆம் ஆண்டில் அவ்வகை விமானங்கள் பயணிகளை ஏற்றுதலை ஈரான் நிறுத்திவிட்டது. உக்ரேன் நாட்டு உரிமம் பெற்று இஸ்பஹான் நகரில் ஈரானியர் தாமே இணைத்துக் கட்டிய சிறு விமானமும் ஏமாற்றமே அளித்தது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அவற்றுள் ஒன்று டெஹ்ரானில் புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் ஒன்று நின்று வீழ்ந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர்.

எல்லா நாளும் துயரமாகவே முடியவில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், மாஸ்கோவிலிருந்து டெஹ்ரான் வந்த ஈரான் ஏர் நிறுவனத்தின் போயிங் 727 விமானம் இறங்க முற்பட்டபோது அதன் முன் சக்கரம் வெளிவரவில்லை. விமானத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஹூஷங் ஷாபாஜி என்னும் தலைமை விமானி, மெஹ்ராபாத் நிலையத்தின் ஓடுதளத்தில் பின் சக்கரங்களை மெல்லப் பதித்து, மூக்கை இயன்ற அளவு உயர்த்தியே வைத்திருந்து, வேகம் குறைந்தபின் அதனைத் தரையில் சாய்த்தார். மூக்கு தரையை உராய்ந்து தீப்பொறி சிதற, விமானம் ஓடுதளத்தை விட்டு விலகாமல் நின்றது. ஒருவர்க்கும் ஊறு நேரவில்லை. அக்காட்சியைப் படமாகக் கண்ட உலகத்தார் அவரைப் பெரிதும் போற்றினர். ஷாபாஜி அப்புகழோடு அமைந்துவிடவில்லை. பயணி விமானங்களின் உதிரி உறுப்புகள் மீதுள்ள தடையை நீக்குமாறு வேண்டும் இயக்கத்தில் அவர் முன்னின்றார். நாட்டுக்கு நாடு உள்ள பூசலில் பயணிகள் ஏன் பலியாக வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கேள்வி.

அவ்வாண்டு ஜனவரி 9ஆம் நாள் அதே வகை விமானம் ஒன்று, பனிப்புயலினிடையே ஊர்மியா நகருக்கருகே வீழ்ந்து எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அக்கேள்வியின் எடை விளங்கும்.

எனினும் இவ்விடத்தில் நடுநிலையோடு ஒன்று கூறியாக வேண்டும். விமான விபத்து எதுவும் ஒரே காரணத்தால் நேர்வதில்லை. ஊர்மியாவில் பனியும் விமானிகளின் செயலும் சேர்ந்தன. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஆஸிமான் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஸாக்ரோஸ் மலைத்தொடரின் டேனாச் சிகரப் பகுதியில் மோதி 66 பேர் மாண்டனர். அவ்விமானம் ஏழாண்டுக் காலம் பறவாமல் நிறுத்தப்பட்டிருந்து, சில திங்களுக்கு முன்னர்தான் மீண்டும் பறக்கத் தொடங்கியது. செய்தி கேட்டவுடன் தடையே காரணம் என்று பலர் கூறினர். ஆராய்ந்தபோதோ, மேகமூட்டத்தினிடையே விமானிகள் உரிய உயரத்தினும் தாழ இறங்கியதே முதன்மையான காரணம் எனக் கண்டனர். ஒவ்வொரு விபத்தையும் தடையின் கணக்கில் எழுதுதல் உண்மைக்குப் பொருந்தாது. அவ்வாறு எழுதிவிடுவது, தம் மேற்பார்வையில் குறையுள்ள அதிகாரிகளுக்கு வாய்ப்பான ஒளிவிடமும் ஆகிவிடுகிறது.

தடையின் தீமை வேறு வகையானது. விமானத்தில் ஒவ்வொரு தவறுக்கும் எதிரே ஓர் அரண் உண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். புதிய விமானம், காலத்தில் வந்த உறுப்பு, சான்றுள்ள பழுதுபார்ப்பு, திருத்திய கையேடு, விமானிகளுக்குப் பயிற்சி தரும் பொய்விமானக் கருவி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அரணே. தடை எந்த விமானத்தையும் தன் கையால் வீழ்த்துவதில்லை. அரண்களை ஒவ்வொன்றாக மெலியச் செய்கிறது. பின்னர் மனிதன் செய்யும் சிறு பிழை, வேறு நாட்டில் எச்சரிக்கையோடு முடிந்திருக்கக்கூடிய பிழை, இங்கே சாவில் சென்று முடிகிறது. 2005ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கென எழுதப்பட்ட அறிக்கை ஒன்று, அமெரிக்கத் தடைகள் உறுப்புகளையும் பழுதுபார்ப்பையும் மறுப்பதால் பயணிகளின் உயிருக்கு இடர் விளைகிறது என்று கூறியது.

எரிபொருளைப் பற்றியும் சிறிது கூறலாம். 2010ஆம் ஆண்டுக்குப்பின் ஐரோப்பிய நிலையங்கள் பலவற்றில் எண்ணெய் நிறுவனங்கள் ஈரான் ஏர் விமானங்களுக்கு எரிபொருள் விற்க மறுத்தன. டெஹ்ரானுக்கு நேரே பறக்க வேண்டிய விமானம் வழியில் வேறோரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் ஏறியது. நேரமும் பணமும் வீணாயின என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வோர் இறக்கமும் ஏற்றமும் உறுப்பின் ஆயுட்கணக்கில் ஒரு சுற்று அல்லவா? மாற்ற உறுப்பு இல்லாதவனுடைய உறுப்பே விரைந்து தேய்ந்தது.

தடை விதித்தோர் தரப்பிலும் சொல்ல ஒன்றில்லாமற் போகவில்லை. ஈரானியப் பயணி விமானங்கள் படைவீரரையும் படைக்கலங்களையும் சிரியா முதலிய நாடுகளுக்கு ஏற்றிச் செல்கின்றன என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. அக்காரணம் பற்றியே 2011ஆம் ஆண்டில் ஈரான் ஏர், மஹான் ஏர் ஆகிய இரண்டன் மீதும் தனித்தனியே தடை விதித்தது. ஒரே எஞ்சின் பயணியையும் சுமக்கும், படைக்கலத்தையும் சுமக்கும் என்பது மறுக்க முடியாத உண்மையே. எனவே உறுப்பை விற்பவன், அஃது எதற்குப் பயன்படும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் தங்கையின் திருமணத்திற்காக ஷிராஸ் நகர் செல்லும் ஆசிரியர்க்கு அக்கேள்வியில் என்ன பங்கு? அவர் படைக்கலம் ஏற்றவும் இல்லை. தடை விதிக்கவும் இல்லை. இருவர் வழக்கில் மூன்றாமவர் பிணை நிற்கின்றார்.

அமெரிக்கச் சட்டமும் இதனை அறவே மறந்துவிடவில்லை. பயணி விமானங்களின் பாதுகாப்பிற்கு வேண்டிய பொருள்களுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து இசைவு தரலாம் என்ற விதி அதில் உண்டு. சுவரில் ஒரு சிறு கதவு இருந்தது என்க. கதவு இருந்தும் அதன் வழியே நடப்போர் மிகச் சிலரே. இசைவு பெறக் காலம் பிடிக்கும். பெற்றாலும் பணத்தை மாற்றித் தர வங்கி அஞ்சும். காப்பீடு தர நிறுவனம் அஞ்சும். சிறு ஊதியத்திற்காகப் பெருந்தண்டத்திற்கு ஆளாவானேன் என்று விற்பவனும் ஒதுங்குவான். 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட இடைக்கால உடன்பாட்டின்பின் அக்கதவு சற்று அகலத் திறந்தது. 1970களின் இறுதியில் ஈரானுக்கு விற்ற 18 எஞ்சின்களைச் செப்பனிட ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இசைவு பெற்றது. 2014ஆம் ஆண்டில் போயிங் நிறுவனம் ஈரான் ஏருக்குச் சில பொருள்களை விற்றது. அவை யாவை? விமானக் கையேடுகள், வரைபடங்கள், வழிகாட்டும் படங்கள், செய்திக் குறிப்புகள். மொத்த விலை 1,20,000 டாலர். பெரிய விமானம் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இஃது ஒரு துளி. ஆனால் நாம் முன்னர்க் கூறிய அறிவு என்னும் அரண் அத்துளியில் அடங்கியிருந்தது.

2015ஆம் ஆண்டின் அணு உடன்பாடு 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ஈரானில் பெருமகிழ்ச்சி பிறந்தது. ஏர்பஸ் நிறுவனத்திடம் 100, போயிங் நிறுவனத்திடம் 80, ஏ.டி.ஆர். நிறுவனத்திடம் 20 ஆக 200 விமானங்கள் வாங்க ஈரான் ஏர் ஒப்பந்தம் செய்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் ஏர்பஸ் வந்திறங்கியது. ஆனால் 2018ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப், அமெரிக்கா அவ்வுடன்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தார். தடை மீண்டும் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னர், ஆகஸ்டு 5ஆம் நாள், ஐந்து ஏ.டி.ஆர். விமானங்கள் விரைந்து வந்து சேர்ந்தன. அத்தோடு கதவு அடைபட்டது. வந்தவை ஏர்பஸ் 3, ஏ.டி.ஆர். 13 ஆகப் பதினாறே. போயிங் ஒன்றுகூட வரவில்லை.

தடையின் இயல்பை ஈரானியர் அல்லாதாரும் ஒருமுறை உணர்ந்தனர். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், நார்வீஜியன் நிறுவனத்தின் புத்தம்புதிய போயிங் 737 மேக்ஸ் விமானம் துபாயிலிருந்து ஆஸ்லோவுக்குப் பறக்கையில், எஞ்சின் எண்ணெயில் குறை தோன்றவே, ஈரானின் ஷிராஸ் நகரில் இறங்கியது. விமானிகள் செய்தது முற்றிலும் முறையான செயல். பயணிகள் மறுநாள் வேறு விமானத்தில் சென்றுவிட்டனர். விமானமோ செல்ல முடியவில்லை. அதற்கு வேண்டிய உறுப்புகள் அமெரிக்கப் பொருள்கள். ஈரான் மண்ணில் நிற்கும் விமானத்திற்கு அவற்றை அனுப்பத் தடை குறுக்கே நின்றது. தடைக்கும் அந்நிறுவனத்திற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லையாயினும், ஏறத்தாழ எழுபது நாள் அவ்விமானம் வெயிலிலும் பனியிலும் ஷிராஸில் நின்றது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாளே தாயகம் திரும்பியது. ஒரு விமானம் இரண்டு திங்கள் பட்டதை ஒரு நாட்டு விமானங்கள் யாவும் நாற்பதாண்டு பட்டுவந்தன.

வழக்கு உலக நீதிமன்றத்திற்கும் சென்றது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஈரானும் செய்துகொண்ட நட்புறவு உடன்படிக்கை அழியாமல் இருப்பதைச் சுட்டி, ஈரான் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் முறையிட்டது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. மருந்து, உணவு ஆகியவற்றோடு, பயணி விமானங்களின் பாதுகாப்பிற்கு வேண்டிய உதிரி உறுப்புகள், கருவிகள், பழுதுபார்ப்பு, சோதனை ஆகியவற்றுக்கும் உள்ள தடைகளை அமெரிக்கா நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். நோயாளிக்கு மருந்து எவ்வாறோ, பயணிக்கு விமான உறுப்பும் அவ்வாறே என்று நீதிபதிகள் ஒரே வரிசையில் வைத்தது கருதத்தக்கது. அன்றே அமெரிக்கா அப்பழைய உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது.

பின்னர் 2022ஆம் ஆண்டில், உக்ரேன் மீது ரஷியா படையெடுத்ததன் விளைவாக, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷியாவுக்கு விமானங்களையும் உறுப்புகளையும் அனுப்புவதை நிறுத்தின. ரஷிய நிறுவனங்கள் வாடகைக்கு ஓட்டிய நூற்றுக்கணக்கான விமானங்கள் பெர்முடாத் தீவில் பதிவானவை. அவற்றின் பாதுகாப்பை இனித் தம்மால் மேற்பார்வையிட இயலாது என்று கூறி, அத்தீவின் அதிகாரிகள் அவற்றின் பறக்கும் தகுதிச் சான்றுகளை அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நிறுத்திவைத்தனர். விமானங்களில் ஓர் ஆணியும் அன்று கழன்றுவிடவில்லை. எனினும் அவற்றுக்குப் பிணைநிற்பவர் இல்லாமற் போயினர். ரஷியா அவற்றைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பறக்கவிட்டது.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் ரஷியாவின் ஏரோஃபிளாட் நிறுவனம் தன் பெரிய ஏர்பஸ் விமானம் ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஐரோப்பாவின் பட்டறைகளில் அதற்கு இடமில்லை. அது சென்று இறங்கியது டெஹ்ரானில், மஹான் ஏர் நிறுவனத்தின் பட்டறையில்.